வசனம் இல்லாமல் சொல்வது எப்படி? டெல்டாவில் குறும்படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் செல்பேசியிலோ சின்னக் கேமராவிலோ படம் எடுப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. காட்சியை மட்டும் வைத்து ஒரு உணர்ச்சியைக் கடத்துவது பற்றித்தான் பேச்செல்லாம். கதை எழுதுவது, ஒலிப்பதிவு, விழாக்களுக்கு அனுப்புவது இங்கே இல்லை.

கேமராவைக் கீழே வைத்தால் கம்பீரம், மேலே வைத்தால் பரிதாபம். இது விதியா?

விதி இல்லை. எந்தக் கோணத்துக்கும் தனியாக அர்த்தம் கிடையாது. படம் அதுவரை எதை வழக்கமாக்கி வைத்திருந்ததோ, அதிலிருந்து விலகும்போதுதான் அர்த்தம் பிறக்கிறது. எட்டு நிமிடம் கண் மட்டத்திலேயே நின்ற கேமரா ஒன்பதாவது நிமிடத்தில் தரைக்கு இறங்கினால் பார்ப்பவருக்கு உறைக்கும். முதல் ஷாட்டிலிருந்தே தரையில் கிடந்தால் பத்தாவது ஷாட்டில் அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். நாயகனின் செருப்பிலிருந்து தலைவரைக்கும் ஏறும் கேமரா இன்றைக்கு யாரையும் மிரட்டாததற்கு இதுதான் காரணம்.

அதோடு, ‘கண் மட்டம்’ என்றால் யாருடைய கண் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நடவு நடக்கிறது. டிரைபாடை வரப்பில் வைத்து 5 அடி உயரத்தில் எடுத்தால் குனிந்த முதுகுகள்தான் வரிசையாகத் தெரியும். அது குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்கும் மிராசுதாரின் பார்வை. அதே கேமராவை வயலுக்குள் 2 அடி உயரத்துக்கு இறக்கினால் முகம் தெரியும், கையிலிருக்கும் நாற்றுமுடி தெரியும், பேச்சு யாருக்கும் யாருக்கும் இடையே நடக்கிறது என்பதும் தெரியும். நடவு ஆட்கள் பின்னோக்கி நகர்பவர்கள். எதிரே நின்று எடுத்தால் ஒவ்வொரு வரிசைக்கும் உங்களைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த விலகல் உங்கள் கதைக்கு வேண்டாம் என்றால் பக்கவாட்டில் நில்லுங்கள்.

நடிப்பவர் ஊர்க்காரர். முகத்தில் உணர்ச்சியே வரவில்லை. என்ன செய்வது?

வராமல் இருப்பதே நல்லது. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு செய்ததாகச் சொல்லப்படும் சோதனை இதற்காகவே பேசப்படுகிறது. இவான் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமில்லாத ஒரே குளோசப்பை ஒரு கிண்ணம் சூப்போடும், சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று ஒவ்வொன்றையும் அந்த முகத்திலேயே கண்டார்கள்.

இதை ஒரு காலைப்பொழுதில் செய்து பார்க்கலாம். ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்து, கேமராவுக்குச் சற்று வலப்பக்கம் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, 20 விநாடி எடுங்கள். “சோகமாக இருங்கள்” என்று சொல்லாதீர்கள். மனத்துக்குள் ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணச் சொல்லுங்கள், போதும். பிறகு மூன்று ஷாட் தனியாக எடுங்கள்: மழையில் சாய்ந்து கிடக்கும் கதிர், வாய்க்காலில் நுரையோடு வரும் முதல் தண்ணீர், ஆளில்லாத தொட்டில். முகம் 4 விநாடி, பொருள் 3 விநாடி, மறுபடி முகம் 4 விநாடி என்று மூன்று முறை ஒட்டிப் பாருங்கள்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முகம் வலப்பக்கம் பார்க்க, பொருள் மேலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் ‘அவர் பார்க்கிறார்’ என்பதே ஒட்டாது; பொருளை அவர் கண் உயரத்திலிருந்து, அவர் பார்க்கும் திசையில் எடுக்க வேண்டும். இன்னொன்று, இரண்டாவது முக ஷாட்டை அவசரமாக வெட்டுவது. பார்ப்பவர் அந்த முகத்தில் தன் உணர்ச்சியை ஏற்றிவைக்க இரண்டு மூன்று விநாடியாவது வேண்டும்.

எங்கள் ஊரில் எங்கே நின்று எடுத்தாலும் படம் தட்டையாக இருக்கிறது.

நிலமே தட்டைதான். மலை கிடையாது, மேடு கிடையாது. நாலு பக்கமும் அடிவானம் ஒரே கோடு. அந்தக் கோடு ஃபிரேமில் எங்கே விழுகிறது என்பதை நீங்கள் முடிவு செய்யாவிட்டால் அது போய் ஆளின் கழுத்தில் விழும். கண் மட்டத்தில் எடுக்கும் எல்லா மிட் ஷாட்டிலும் கோடு கண்ணுக்கோ கழுத்துக்கோ குறுக்கே ஓடும், தலையை வெட்டி வைத்தது போல.

ஆளை வரப்பில் நிற்கவைத்துக் கேமராவை அறுவடை முடிந்த வயலுக்குள் இடுப்பளவில் வையுங்கள். தலையும் தோளும் அடிவானத்துக்கு மேலே எழும்பி வானத்தின்மீது தனியாக நிற்கும். மலைநாட்டில் இதற்குக் குழி தோண்ட வேண்டும். நமக்கு ஓரடி போதும். மாறாக, மதகின் மேலோ மாட்டுவண்டியிலோ ஏறி எடுத்தால் கோடு ஃபிரேமின் உச்சிக்குப் போய், ஆள் முழுக்க மண்ணுக்குள் அடங்கிவிடுவார். கடன்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் விவசாயியையும் பட்டம் விடும் பையனையும் ஒரே உயரத்திலிருந்து எடுப்பதில் நியாயமில்லை.

ஆழம் வேண்டுமென்றால் அதை நீங்கள்தான் அடுக்க வேண்டும்: முன்னால் ஒரு வைக்கோல் போரின் ஓரம், நடுவில் ஆள், பின்னால் மின்கம்ப வரிசை. வாய்க்காலும் வரப்பும் உள்ளே இழுத்துச் செல்லும் கோடுகள். அவை முடியும் இடத்தில் ஆளை வையுங்கள், வெறும் வானத்தை வைக்காதீர்கள்.

ஃபிரேமில் காலியிடம் விட்டால் தனிமை என்று புரியுமா?

புரியும், அங்கே முன்பு ஏதோ இருந்தது என்று தெரிந்திருந்தால். கணவனும் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஷாட்டை முதலில் காட்டிவிட்டு, பின்னால் அதே இடத்திலிருந்து அதே அளவில் மனைவி மட்டும் உட்கார்ந்திருப்பதைக் காட்டுங்கள். கேமராவை நடுவுக்கு நகர்த்திச் சமன் செய்ய வேண்டும் என்று கை துறுதுறுக்கும். நகர்த்தாதீர்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் புரியும் காலியிடங்களும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கிய பகுதிகளில் தோப்பு நடுவே ஒரு வெட்டவெளியைக் காட்டினால் வேதாரண்யத்துக்காரர் ஒரு வார்த்தை இல்லாமல் புரிந்துகொள்வார். சேலத்தில் பார்ப்பவருக்கு அது வெறும் வெட்டவெளி. அவருக்கும் சேர்த்து எடுப்பதானால் சாய்ந்த ஒரு அடிமரமாவது ஃபிரேமில் வேண்டும்.

மாலை வெயிலில் ஒரு முழுக் காட்சியை எடுத்துவிடலாமா?

முடியாது. நம் அட்சரேகை சுமார் 11 டிகிரி. இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது. அடிவானத்துக்கு மேலே 6 டிகிரியிலிருந்து முழுக்க மறைய ஏறக்குறைய 25 நிமிடம்தான். மறைந்தபின் நீல வெளிச்சம் இன்னொரு 20 நிமிடம். ஐரோப்பியப் பாடங்களில் ‘பொன்னொளி நேரம் ஒரு மணி’ என்று படித்துவிட்டுத் திட்டம் போட்டால் பாதிக் காட்சியில் இருட்டிவிடும். 25 நிமிடத்தில் ஒத்திகை பார்த்த இரண்டு அல்லது மூன்று ஷாட் வரும். வைட் ஷாட்டை முதலில் எடுங்கள், குளோசப்பைக் கடைசியில். குளோசப்பைத் தேவைப்பட்டால் மறுநாள் மாலையும் எடுக்கலாம்.

வெள்ளைச் சமநிலையை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமரா நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தப் பொன்னிறத்தைத் ‘தவறு’ என்று நினைத்துத் திருத்திவிடும். 5600 கெல்வினில் பூட்டுங்கள்.

இன்னொன்று: நாகப்பட்டினத்திலும் தரங்கம்பாடியிலும் கடல் கிழக்கே இருக்கிறது. கடலுக்குள் மறையும் சூரியன் அங்கே கிடைக்காது. காலையில் எடுத்துவிட்டு மாலை என்று ஒட்டுபவர்கள் உண்டு. கரைக்காரர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார்கள், கரையேறும் படகும் மீன் ஏலமும் காட்டிக்கொடுத்துவிடும்.

நடுப்பகலில் எடுக்கவே கூடாதா?

எடுக்கலாம், ஏன் என்று தெரிந்து எடுக்க வேண்டும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் பகல் 12.15 வாக்கில் சூரியன் தஞ்சாவூருக்கு நேர் உச்சியில் இருக்கும். கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும். கண் தெரியாத முகத்தோடு பார்ப்பவர் ஒட்டமாட்டார். களைப்பு, வெறுப்பு, வறட்சிக்கு இதே வெளிச்சம்தான் சரி. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத ஆண்டின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கு வாடகைக்குக் கிடைக்காது.

கண் தெரிய வேண்டுமானால் மேலே வெள்ளைத் துணி கட்டுங்கள், 6 அடிக்கு 6 அடி, தலைக்கு இரண்டு மூன்று அடி மேலே. கீழிருந்து தெர்மாகோல் அட்டையால் கொஞ்சம் வெளிச்சம் தூக்கிக்கொடுங்கள். அட்டையை மடியில் வைத்துப் பளீரென்று அடித்தால் பேய்ப்படம் ஆகிவிடும்.

வெட்டவெளியில் 1/50 விநாடி ஷட்டரும் எஃப் 2.8 லென்ஸ் துளையும் வேண்டுமென்றால் 6 ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி), அதாவது வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காக்கும் என்.டி. 64 என்ற கறுப்பு ஃபில்டர். ஃபில்டர் இல்லாமல் ஷட்டரை 1/3000-க்கு ஏற்றினால் அசைவெல்லாம் வெட்டு வெட்டாகத் துடிக்கும். சண்டைக்கு அது பொருந்தலாம், தாலாட்டுக்குப் பொருந்தாது.

நம் நிற முகங்களுக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவு) எப்படி வைப்பது?

ஜீப்ரா என்பது வெளிச்சம் குறித்த அளவைத் தொட்ட இடத்தில் கேமரா திரையில் ஓடும் வரிக்கோடு. பாடப்புத்தகத்தின் ‘ஜீப்ரா 70’ வெளுத்த தோலுக்கானது. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 45 முதல் 55 வரை போதும். தோலின் கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். அதன் மேல் ஒரு பெரிய மென்மையான வெளிச்சம் விளிம்பில் பளபளக்கட்டும். வெள்ளைச் சுவர் அல்லது வெள்ளை வேட்டி கட்டிய உதவியாளர் பக்கவாட்டில் நின்றாலே அந்தப் பளபளப்பு கிடைக்கும். முகத்தை வெளுக்கவைப்பது உணர்ச்சி அல்ல, பழக்கம்.

வயலில் எடுத்தால் முகமெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறதே?

சம்பாப் பயிர் ஒரு பச்சை ரிப்ளெக்டர். வெயில் அதில் பட்டுத் தாடைக்கும் கழுத்துக்கும் கீழிருந்து பச்சையாக ஏறுகிறது. நிறச்சீரமைப்பில் இதை எடுக்கப் போனால் பயிரின் பச்சையும் சேர்ந்து செத்துவிடும். எடுக்கும்போதே சரி செய்யுங்கள்: ஃபிரேமுக்கு வெளியே, ஆளின் காலடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரியுங்கள். அவ்வளவுதான். வேட்டி இல்லாவிட்டால் வைக்கோல் பரப்பினாலும் ஆகும், அது கொஞ்சம் இளஞ்சூடான நிறம் தரும்.

உடை விஷயத்தில், பச்சைச் சேலை பயிருக்குள் கரைந்துவிடும். அரக்கும் காவியும் மஞ்சளும் எழும்பி நிற்கும். ஊரோடு ஒட்டி வாழ்பவளை நீங்கள் கரையவிடலாம், வெளியூரிலிருந்து வந்தவளுக்கு அரக்குச் சேலை கட்டலாம். முதல் பத்து நிமிடத்தில் அரக்கு வேறு யார் உடம்பிலும் இருக்கக் கூடாது என்பதுதான் கஷ்டமான பகுதி. பின்னணியில் போகிற ஒரு அரக்குச் சட்டை போதும், எல்லாம் வீணாகும்.

நடவு நட்ட புது வயலின் தண்ணீரில் வானம் தெரியும் ஷாட் எப்படிக் கிடைக்கும்?

நட்டதிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்தால் கிடைக்கும். பயிர் தூர்கட்டிப் பரவியபின் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது. காற்று எழும்புவதற்கு முன், காலை 7 மணிக்குள் போய்விடுங்கள். போலரைசர் ஃபில்டர் இருந்தால் ஒரே இடத்தில் நின்று இரண்டு ஷாட் கிடைக்கும்: ஒரு பக்கம் திருப்பினால் வயல் முழுக்க வானம், கால்வட்டம் திருப்பினால் வானம் மறைந்து அடியில் சேறு. தண்ணீர்ப் பரப்பை நோக்கிச் சுமார் 35, 40 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் இந்த வித்தியாசம் முழுதாகத் தெரியும். ஷாட் ஓடும்போதே ஃபில்டரை மெல்லத் திருப்பி, கனவு கலைவதைக் காட்டியிருக்கலாம் என்று தோன்றும் கதைகள் நிறைய உண்டு.

முற்றம் வைத்த ஓட்டு வீடு கிடைத்திருக்கிறது. எப்படி வெளிச்சம் வைப்பது?

அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரே வெளிச்சம் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். மேலிருந்து விழும் வானவெளிச்சம் முற்றத்தில் பட்டு, தாழ்வாரத்துக்கும் கூடத்துக்கும் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். நிழலில்லாத, திசை மட்டும் உள்ள வெளிச்சம். 1956-ல் வெளிவந்த ‘அபராஜிதோ’ படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட்டபோது ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா இந்த வெளிச்சத்தைக் கொண்டுவரத்தான் மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்தார். உங்களுக்கு அது வானத்திலிருந்தே இலவசம்.

செய்ய வேண்டியது கூட்டுவது அல்ல, குறைப்பது. முகத்தில் ஒரு பக்கம் இருள் வேண்டுமானால் அந்தப் பக்கம் கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுங்கள். முகத்திலிருந்து 3 அடிக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். முக்கியமானதைப் பேசும் ஆள் முற்றத்தின் ஓரத்தில் இருக்கட்டும். கேட்டுக்கொண்டு மறைப்பவர் கூடத்துக்கு உள்ளே. பேச்சு மாறும்போது அவர்களில் ஒருவர் இடம் மாறினால் போதும், வெளிச்சமே காட்சியை நடத்திக்கொடுக்கும்.

வாசலிலிருந்து ரேழி, கூடம், கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும் வீடுகளில் மூன்று தளத்தையும் துல்லியமாக வைத்து எடுக்கலாம். முழு ஃபிரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 24 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ஃபோகஸ் 2.4 மீட்டரில் என்றால் 1.2 மீட்டரிலிருந்து கொல்லைத் தென்னைவரை தெளிவாக இருக்கும். அம்மா கூடத்தில் அரிசி புடைக்க, மகள் பெட்டியோடு கொல்லை வழியாக வெளியேறுவது ஒரே ஷாட்டில், வெட்டாமல் வரும். கொல்லை வெயிலுக்கும் கூடத்துக்கும் ஐந்தாறு ஸ்டாப் வித்தியாசம் இருப்பதால் எதற்கு எக்ஸ்போஷர் வைப்பது என்று தேர்ந்தே ஆக வேண்டும். உள்ளே வைத்தால் மகள் வெள்ளைக்குள் கரைவாள். வெளியே வைத்தால் அம்மா கறுப்பு உருவம். யாருடைய கதையோ, அவருக்கு வையுங்கள். செல்பேசியின் எச்.டி.ஆர். இரண்டையும் சமமாக்கி இந்தத் தேர்வையே உங்களிடமிருந்து பறித்துவிடும், அதை அணைத்துவிடுங்கள்.

கரண்ட் போன வீட்டில் சிம்னி விளக்குக் காட்சி. விளக்கு வெளிச்சமே பத்தவில்லை.

விளக்குச் சுடர் ஃபிரேமில் தெரிந்தால் போதும், முகத்துக்கு வெளிச்சம் அதிலிருந்து வர வேண்டியதில்லை. 2700 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி. பல்பை விளக்கின் பின்னால் சொம்புக்கோ குடத்துக்கோ மறைவாக வையுங்கள், டிம்மரில் குறையுங்கள். வெள்ளைச் சமநிலையை 3200-க்கும் 4000-க்கும் நடுவே வைத்தால் மஞ்சள் மிஞ்சியிருக்கும். 2700-ல் வைத்துவிட்டால் முகம் வெள்ளைவெளேரென்று வந்து, சிம்னி விளக்கா டியூப்லைட்டா என்று கேட்பார்கள்.

தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி. விளக்குக்கு 2 அடியில் மகன், 4 அடியில் அப்பா என்று உட்காரவைத்தாலே அப்பா இரண்டு ஸ்டாப் இருளில் போய்விடுவார். பேச்சின் நடுவே அப்பா விளக்கைத் தன் பக்கம் நகர்த்துவதுபோல் ஒரு செய்கை வைத்தால் வசனத்தில் நாலு வரி மிச்சம்.

சாம்பிராணிப் புகை போட்டு ஒளிக்கற்றை வரவழைக்கலாமா?

வரும். வெளிச்சம் கேமராவுக்கு எதிரிலிருந்து வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். புகை போட்டு முறத்தால் விசிறி, இரண்டு மூன்று நிமிடம் பரவவிட்டு எடுங்கள். சிக்கல் தொடர்ச்சியில்: வைட் ஷாட்டில் கற்றை இருந்து குளோசப்பில் இல்லையென்றால் நேரமே மாறிப்போனதாகத் தோன்றும். ஓட்டு இடுக்கு வழியாகப் புகை ஓடிவிடும் என்பதால் ஒவ்வொரு டேக்குக்கும் மறுபடி போட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

குளோசப் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிகிறது.

லென்ஸைத் திட்டாதீர்கள், தூரம்தான் காரணம். முழு ஃபிரேம் கேமராவில் தலையும் தோளும் நிரம்ப, 24 மி.மீ.க்கு 2 அடியில் நிற்க வேண்டும். 50-க்கு 4 அடி, 85-க்கு 7 அடி. 2 அடியில் மூக்கு காதைவிடக் கேமராவுக்கு ரொம்பப் பக்கம், அதனால் ஊதுகிறது. செல்பேசியின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் இந்த 24, 26 ரகம். பின்னால் போய் 2 மடங்கு லென்ஸைப் போடுங்கள்.

ஆனால் இந்த ஊதல் ஒரு உத்தியும்கூட. 2 அடியில் எடுத்த முகத்தைப் பார்க்கும்போது நாமும் 2 அடியில் இருப்பதாக உடம்பு உணர்கிறது. மூச்சு படும் தூரம். பஞ்சாயத்தில் நாலு பேர் சூழ்ந்து கேள்வி கேட்கும் காட்சிக்கு அது சரி. 7 அடியில் எடுத்தது எதிர்த் திண்ணையிலிருந்து பார்ப்பது மாதிரி: அழுகிறவரை விட்டுக்கொடுக்காமல், தொந்தரவும் செய்யாமல்.

கேமரா எப்போது நகர வேண்டும்?

ஆள் நகரும்போது, அல்லது ஆளுக்குள் ஏதோ நகரும்போது. மற்ற நேரத்தில் டிரைபாட். பக்கவாட்டில் திருப்பும்போது ஃபிரேமின் ஒரு ஓரத்தில் உள்ள பொருள் மறு ஓரத்துக்குப் போக 7 விநாடியாவது ஆகட்டும். வேகமாகத் திருப்பினால் தென்னை மரங்களெல்லாம் வெட்டி வெட்டித் தாவும்.

வரப்பில் கிம்பலோடு (கேமரா குலுங்காமல் தாங்கும் கைப்பிடி) நடப்பது ஆபத்தான ஆசை. ஒன்றரை அடி அகலம், வழுக்கல், பார்வையோ திரையில். சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வாய்க்கால் கரையில் ஒருவர் தள்ளிக்கொண்டு போக எடுத்தால் நல்ல டிராக்கிங் ஷாட் கிடைக்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், குலுக்கல் குறையும்.

இருவர் பேசும்போது வெட்டினால் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் இருக்கிறது.

கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். வாசலுக்கு இந்தப் பக்கத் திண்ணையில் ஒருவர், அந்தப் பக்கத் திண்ணையில் ஒருவர். இருவரையும் இணைத்து மனத்தில் ஒரு கோடு போடுங்கள். கேமரா தெருப்பக்கம் என்றால் கடைசிவரை தெருப்பக்கம். வீட்டுக்குள் போய்த்தான் ஆக வேண்டுமென்றால் ஷாட் ஓடும்போதே நகர்ந்து போங்கள், அல்லது நடுவில் கோட்டின்மேலேயே வைத்த ஒரு ஷாட்டைப் போடுங்கள். சண்டை முற்றும் நொடியில் வேண்டுமென்றே தாண்டுவதும் உண்டு. அதுவரை ஒழுங்காக இருந்திருந்தால்தான் அது அடியாக விழும்.

பயணத்துக்கும் இதுவே. மகன் உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போது ரயில் இடமிருந்து வலம் என்றால், திரும்பி வரும்போது வலமிருந்து இடம். மாற்றிப் போட்டால் இன்னும் ஊர் வரவில்லையா என்று பார்ப்பவர் காத்துக்கொண்டிருப்பார்.

மழையில்தான் எடுத்தோம். படத்தில் மழையே இல்லை!

முன்னாலிருந்து வெளிச்சம் பட்டால் துளி தெரியாது. துளிக்குப் பின்னால் வெளிச்சம், அதற்கும் பின்னால் இருட்டு. இருண்ட தோப்பு, திறந்த கதவின் கறுப்பு, நல்ல பின்னணி. வெள்ளை வானம் மழையை விழுங்கிவிடும். 1/50 ஷட்டரில் மழை கோடாகத் தெரியும், மனம் கரையும் காட்சிக்கு. 1/250-ல் துளித்துளியாகக் குத்தும். ஐப்பசியில் வரும் அடைமழைக்காகக் காத்திராமல் பம்புசெட் தண்ணீரில் செய்வதானால் குழாய் முனையை விரலால் அடைத்து வானத்தை நோக்கிப் பீய்ச்சுங்கள். மேலே போய்த் தானாக விழும் துளிதான் மழை போல் இருக்கும். விளக்கின் வயர் இணைப்பு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

சாவுக்கு விளக்கு அணைவது, கோபத்துக்குப் பால் பொங்குவது. வேறு குறியீடே இல்லையா?

அவை கெட்டுப்போனதற்குக் காரணம் பழசானது மட்டுமில்லை. அந்த விளக்குக்கும் பாலுக்கும் கதையில் அதற்கு முன்பு ஒரு வேலையும் இருப்பதில்லை. அர்த்தம் சொல்வதற்காகவே வந்து நிற்கின்றன. நன்னிலத்துப் பக்கம் பிறந்த கே. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ (1968) படத்தில் நாகேஷ் ஏற்ற மாது மாடிப்படிக்கு அடியில் குடியிருப்பவன். எல்லோரும் மிதித்து ஏறி இறங்கும் படி. அது முதலில் அவன் வீடு, பிறகுதான் குறியீடு. பெயரே ‘மாடிப்படி மாது’ ஆகிவிட்டது.

அப்படி ஒரு பொருளைத் தேடுங்கள். ஒரு மரக்கால்: முதலில் நெல் அளக்கிறது, ததும்ப. நடுவில் கடனுக்கு அளக்கிறது, தலை தட்டி. கடைசியில் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் பேரப்பிள்ளை உட்கார்ந்து செல்பேசி பார்க்கிறான். மூன்று ஷாட்டும் ஒரே அளவில், மரக்காலைக் குளோசப் பண்ணாமல். குளோசப் பண்ணிவிட்டால் ‘இதைப் பார்’ என்று விரல் நீட்டியதாகிவிடும்.

நாற்று நடவு கரைந்து அறுவடை ஆகும் ஷாட் வேண்டும்.

குறுவை என்றால் விதைப்பிலிருந்து சுமார் 110 நாள். முதல் ஷாட் எடுத்த அன்றே லென்ஸ், உயரம், சாய்வு, கேமரா திரையின் ஒரு புகைப்படம் எல்லாம் குறித்துவைக்க வேண்டும். டிரைபாட் கால் பதிந்த இடத்தை வரப்பில் முளையடித்துக் குறிக்காதீர்கள்; அண்டை வெட்டும்போது முளை காணாமல் போகும், வரப்பே ஒரு சாண் நகர்ந்திருக்கும். மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் கொட்டகைச் சுவரிலிருந்தோ டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நேரமும் அதேயாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கரையும்போது நிழல் குதிக்கும். அறுவடை எந்திரம் வரும் நாளை வயல்காரரிடம் இரண்டு வாரம் முன்பே கேட்டுவையுங்கள். எந்திரம் இறங்கினால் ஒரு ஏக்கர் சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதே காரணத்தால் வயலில் நடக்கும் ஒரு காட்சியை மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். பத்து நாள் கழித்துப் போனால் பயிர் நடிகரின் முழங்காலுக்கு வந்திருக்கும்.

டியூப்லைட்டில் எடுத்தால் கோடு கோடாக ஓடுகிறது. ஸ்லோ மோஷனில் இன்னும் மோசம்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் கோடு வராது. செல்பேசி தானாக எடுக்கும் விநாடிக்கு 30 ஃபிரேம், 1/60 ஷட்டர்தான் கோட்டுக்குக் காரணம். 25 ஃபிரேமுக்கு மாற்றுங்கள். 50 ஃபிரேம் ஸ்லோ மோஷனுக்கு 1/100 சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் வெயிலில் மட்டும் எடுங்கள். ஸ்லோ மோஷன் ஒரு படத்துக்கு ஒரு முறை போதும், அதுவும் தவிர்க்க முடியாவிட்டால்.

பெரிய கோயிலையும் ட்ரோன் ஷாட்டையும் வைத்தால் படம் பிரம்மாண்டமாக இருக்குமே?

பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். படப்பிடிப்புக்கு முன் அனுமதி வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் ட்ரோனை எடுப்பதற்கு முன் மத்திய அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் இடம் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. கோயில் கிழக்கு பார்த்தது, முகப்பில் வெயில் காலையில்தான். 216 அடி விமானத்தைப் பக்கத்தில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோடுகள் உள்நோக்கிச் சாயும், பின்னால் போகப் போகச் சரியாகும். ஆனால் படத்தில் யாருக்கும் அந்தக் கோயிலோடு ஒரு கொடுக்கல் வாங்கல் இல்லையென்றால் அந்த ஷாட்டை நாள்காட்டிக்கு அனுப்பிவிடலாம்.